சன்னல் கட்டின் வெளிப்பக்கம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலின் அரைவட்டக் கல் சன்னலை, எல்ல நகரிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டி காட்டிக்கொண்டிருந்தான். “இந்தக் கட்டு எவ்வளவு வழுவழுப்பு பாருங்க. அந்தக் காலத்துக் கொத்தனார் வேலை.”

தொட்டேன். அம்மா கொழுந்தெடுக்கப் போர்த்தும் ஈரக் கம்பளியின் வாடை நினைவில் மூக்கில் ஏறியது.

அப்போதெல்லாம் ஞாயிறுகளில் அம்மா வெளியே மழையில் நின்று, இந்தக் கட்டின்மேல் முழங்கையூன்றித்தான் பூசை காண்பாள். லயத்து வரிசை வீடுகளின் கூலிச் சனமெல்லாம் அப்படித்தான். உள்ளே துரைமாரின் பெஞ்சுகள் பாதி காலியாகக் கிடக்கும்.

“உள்ள போனா கணக்கப்பிள்ளை ஏசுவாரு. இங்கேயே கும்பிடு” என்பாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கொத்தனாரா? வெளிய நிக்க வச்ச எங்க சனத்தோட முழங்கை தேய்ச்ச கல்லு தம்பி இது. உள்பக்கத்தத் தடவிப் பாரு. இன்னும் சொரசொரன்னுதான் இருக்கு.”