நோரா அன்ரியின் "முஷா"

போன கிழமை ஸ்காபரோவில் ஒரு கடையைக் கடந்து போகும்போது, மோர் விட்டுப் பிசைந்து அப்போதுதான் சுட்டெடுத்த பாணின் வாசம் வந்தது. கால் அப்படியே நின்றுவிட்டது. வாசம் மூக்கில் ஏறிய கையோடு காதில் ஒரு சொல் கேட்டது: "முஷா."

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பார்க்டேலில் நோரா அன்ரி வீட்டின் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்தேன். அயர்லாந்தில் பிறந்தவர், கணவனை இழந்த தனியாள். நான் அன்ரி என்று கூப்பிட்டதும் முதலில் விழித்தார், பிறகு பிடித்துப்போய்விட்டது. மேலே பாண் வேகும். கீழே அரைத் தூக்கத்தில் கிடக்கும் எனக்கு, பனி யன்னலுக்கு வெளியே விழுகிறதா கனவுக்குள் விழுகிறதா என்று தெரியாது.

எங்கள் ஊரில் பனி கொட்டாது என்றேன், "முஷா" என்றார் அன்ரி. சோற்றைக் கையால்தான் சாப்பிடுவோம் என்றேன், முஷா. ஒருநாள் அர்த்தம் கேட்டேன். ஐரிஷ் மொழியில் 'அப்படியானால்' என்று வரும் சின்னச் சொற்கள், பேசிப் பேசித் தேய்ந்து ஒன்றாய் ஒட்டிக்கொண்டதாம். அவருடைய தாய் ஆச்சரியத்துக்கும் சொல்வாராம், இரக்கத்துக்கும் சொல்வாராம், பேச்சைத் தொடங்கச் சும்மாவும் சொல்வாராம். அப்படியா என்பதற்கு நாங்கள் "ஓமே?" என்பதுபோல என்றேன். அதற்கும் ஒரு முஷா கிடைத்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தச் சொல்லுக்காகவே வேலையிடத்துக் கதைகளை ஊதிப் பெருப்பித்துச் சொல்லியிருக்கிறேன்.

என் மனைவி அப்போது கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தாள். அன்ரி தினமும் விசாரிப்பார். ஞாயிறுதோறும் கோயிலில் அவளுக்காக மெழுகுதிரி கொளுத்தி மன்றாடுவார். ஒருவழியாக விசா கிடைத்தது. மனைவி போனில் சொன்னாள்: "வந்து இறங்குமட்டும் ஒருத்தரிட்டையும் மூச்சு விடாதேங்கோ. கண்ணூறு பட்டிடும்."

நல்ல காரியம் கைகூடுமட்டும் வாய் திறக்காமல் வளர்ந்தவர்கள் நாங்கள். அன்ரி கேட்கும்போதெல்லாம் "இன்னும் இல்லை" என்றேன். மூன்று கிழமை. உள்ளுக்குள் ஒரு ஆசையும் இருந்தது. அவளைத் திடீரென்று வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் எப்பேர்ப்பட்ட முஷா வரும்.

நிறுத்தினேன். அன்ரி அவளைக் கட்டியணைத்தார், கன்னத்தைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பி, எப்போது தெரியும் என்று கேட்டார். சொன்னேன்.

"கிடைத்துவிட்ட ஒன்றுக்காக மூன்று ஞாயிறு முழந்தாளில் நின்றிருக்கிறேன்," என்றார் மெதுவாக.

கண்ணூறு பற்றித் தட்டுத்தடுமாறி விளக்கினேன்.

"என்னுடைய கண்ணுமா?"

கூனிக் குறுகிப்போனேன்.

அதன்பிறகும் அன்பில் குறைவைக்கவில்லை. மனைவிக்குக் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்தார். இன்று அன்ரியும் இல்லை. அந்த வீட்டையும் இடித்து மாடி எழுப்பிவிட்டார்கள். ஆனால் எனக்கு அந்தச் சொல் அதற்கு வெகுகாலம் முன்பே இல்லாமல் போயிற்று. மனைவி வந்த அடுத்த வருஷம் மகள் பிறந்தபோது, சொந்தக்காரர் ஒருவருக்கும் போன் எடுக்காமல், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அன்ரியிடம் ஓடினேன். பெண் பிள்ளை என்றேன், மூச்சு வாங்க.

"நல்லது, மிகவும் நல்லது," என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை.