ரப்பர் கட்டையும் ஒரு ‘ஆ’வும்

நான் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. ஞானப்பல்லை அறுத்து எடுக்க பிரிக்ஃபீல்ட்ஸ் பல் கிளினிக்குக்குப் போன அன்றும் வழி நெடுக நான்தான் பேசினேன். காரை ஓட்டி வந்த முகிலன், போர்ட் கிள்ளானில் வேலை பார்க்கும் என் நண்பன். அதிகம் பேசமாட்டான்.

ஊசி போட்டு மரத்ததும், வாய் மூடாமலிருக்க டாக்டர் என் பற்களுக்கு நடுவே ரப்பர் கட்டை ஒன்றை வைத்துவிட்டு, எக்ஸ்ரேயைப் பார்க்கத் திரும்பினார்.

முகிலன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான்.

"இப்பதான் நீ குறுக்க பேசமாட்ட. ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். என்னைக் கட்டிக்கிறியா?"

"ஆ" என்றேன். எங்கள் பேச்சில் ‘ஆமாம்’ என்பதற்கும் அதுதான்.

அவன் முகம் மலர்வதற்குள் டாக்டர் சிரித்துவிட்டார். "தம்பி, கட்டை வாயில இருந்தா எது கேட்டாலும் ஆ தான் வரும் லா!"

பல்லை எடுத்து முடிக்கும்வரை முகிலன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை, சிரிக்கத்தான் வழியில்லை.

ஒருவழியாகக் கட்டையை எடுத்தார்கள். பஞ்சு வைக்க வந்த நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினேன். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"ஆ" என்றேன்.

வாழ்க்கையில் நான் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதே இல்லை. இப்போது அந்தக் கதையைத் தொடங்கினால் முகிலன் வாய்தான் மூடுவதில்லை. நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.