ஃபாயிசாவின் ஈரக் கைக்குட்டை

ஏலக்காயைக் கண்டால் ஃபாயிசாவின் கை சும்மா இருக்காது. போடி கடைத்தெருவில் யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் சாக்கிலிருந்து ஒரு காயை எடுத்து, வெள்ளைக் கைக்குட்டையின் முனையை நனைத்து, நாலு தேய்ப்புத் தேய்ப்பார். துணி வெள்ளையாகவே இருந்தால் கடைக்காரருக்கு ஒரு சிரிப்பு. பச்சை ஒட்டினாலோ, "அண்ணே, சாயப்பட்டறை எப்ப ஆரம்பிச்சீக?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பார். அம்மாடி, அந்தக் குரல்!

'மேடுபள்ளம்' என்ற நாலு பக்க மாதப் பத்திரிகைக்கு ஆசிரியர், நிருபர், பஸ்சில் பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிவிடுகிறவர் எல்லாம் இவரேதான். போடிமெட்டுக்கு மேலே தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, ஒருத்தி அதை உரக்க வாசிப்பாள். ஒருமுறை, பெரிய வியாபாரி ஒருவரின் கிடங்கில் காய்க்குச் சாயம் ஏற்றுவதைப் படத்தோடு போட்டார் ஃபாயிசா. சாயம் நின்றதா? வழக்குதான் வந்தது. அதுவும் சென்னையில்! வியாபாரிக்கு மானம் போய்விட்டதாம், அரைக்கோடி நஷ்டஈடு வேண்டுமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்களுக்கு ஜெயிக்கவே வேண்டாம். வாய்தாவுக்கு வாய்தா அலையவிட்டுப் பத்திரிகையை மூடவைத்தால் போதும். ஃபாயிசாவோ கட்டுச்சோறும் கையுமாக ரயிலேறுகிறார். "பக்கத்து சீட்டுக்காரவுககிட்ட ரெண்டு சேதி கெடைக்குதுல்ல? பெறகென்ன!" என்பார். ஆனால் போன மாதம் வாய்தாவும் அச்சு வேலையும் ஒரே நாளில் வர, பத்திரிகை வெளியாகவில்லை. ஜீப்பை நிறுத்தி, "எங்கக்கா நம்ம பேப்பரு?" என்று பெண்கள் கேட்டபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

வழக்குப் போட்டே வாயை அடைப்பவர்களைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று பத்திரிகையாளர்கள் கூடி ஒரு வரைவு எழுதியிருக்கிறார்கள். வீம்பு வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்ய வேண்டும், செலவு முழுக்க வழக்குப் போட்டவர் தலையில் விழ வேண்டும் என்கிறது அது. மதுரைக் கூட்டத்தில் அதை ஆதரித்துப் பேச ஃபாயிசாவை அழைத்தார்கள். டீக்கடையில் வரைவை வாசித்துக் காட்டியவர், "இது மட்டும் சட்டமாகட்டும், ஊருக்கே பிரியாணி!" என்று குதித்தார்.

சேதி வியாபாரிக்கு எட்டாமல் இருக்குமா? மறுநாளே அவருடைய மேனேஜர் காசிராஜன், ஃபாயிசாவின் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன். மந்திரிகளுக்குப் போடுவார்களே, அந்த மாதிரி பெரிய ஏலக்காய் மாலை அவர் கையில்.

"தங்கச்சி, மதுரைக்கெல்லாம் போக வேணாம். 'தப்பாப் போட்டுட்டோம்'னு பேப்பர்ல ரெண்டு வரி போட்ருங்க, கேசை வெரசா வாபஸ் வாங்கிர்றோம். மாலையப் பாருங்க, நம்ம கிடங்குக் காயிலயே கட்டுனது!"

கேஸ் போனால் பத்திரிகை மாதாமாதம் தவறாமல் வரும். ஒப்புக்கொண்டுவிடுவாரோ என்று எனக்குத் திக்கென்றது. ஃபாயிசா முகமெல்லாம் மலர, தலையைக் குனிந்து மாலையை ஏற்றுக்கொண்டார்.

"அடேயப்பா, என்னா பச்சை!" என்றபடியே அதிலிருந்து ஒரு காயைப் பிய்த்தார். மறுகை கைக்குட்டையை டம்ளரில் நனைத்தது. தேய்த்தார்.

காசிராஜனுக்கு நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்த்துவிட்டது.

"அய்யய்யோ, அண்ணனுக்கு இப்படி வேர்க்குதே! தொடச்சுக்கங்க" என்று, பச்சை பிடித்த கைக்குட்டையை வாஞ்சையோடு அவரிடம் நீட்டினார் ஃபாயிசா.