மூச்சுக்குச் சாட்சி

நான் குறட்டை விடுவதில்லை என்று பதினொரு வருடம் மனைவியோடு சண்டை பிடித்தவன் நான். நித்திரையில் எனக்கு மூச்சே நின்றுவிடுகிறது என்றும் சொல்வாள். "நிண்டிருந்தால் நான் உயிரோடை இருப்பனோ?" என்று அவள் வாயை அடைத்துவிடுவேன். அவளோ பட்டப்பகலில் சுளகில் அரிசி புடைத்தபடியே தூங்கி விழுவாள். நித்திரைக்கென்றே பிறந்தவள் என்று சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நாட்டில் போர் இறுகி மின்சாரமும் போன பிறகு, அவள் பிள்ளைகளோடு கனடாவில் தமையனிடம் போய்ச் சேர்ந்தாள். நான் வாத்தியார் வேலையை விட மனமில்லாமல் சுன்னாகத்து வீட்டில் தனியே கிடந்தேன். விடிந்தால் தொண்டை வறண்டு தலை இடிக்கும். ஒருநாள் வகுப்பில் வெண்கட்டியைப் பிடித்தபடியே தூங்கிப்போனேன். பிள்ளைகள் சிரித்த சத்தத்தில்தான் விழித்தேன். அன்றே கோப்பாயில் இருந்த ஒரு வைத்தியரிடம் சைக்கிளை மிதித்தேன்.

அவர் வாயைத் திறக்கச் சொல்லி ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்துவிடுமாம். மல்லாக்கப் படுத்தால் நாக்கும் பின்னுக்குச் சரிந்து, காற்றுப் போன சைக்கிள் ரியூப் போல வழி ஒட்டிக்கொள்ளுமாம். நெஞ்சு இழுக்கும், காற்று உள்ளே போகாது. மூளை பதறி எழுப்பினால்தான் வழி திறக்கும். எழும்பியது ஞாபகத்தில் இருக்காது.

"மூச்சு நிக்கிறதோ எண்டு பக்கத்திலை படுக்கிற ஆள்தான் சொல்லவேணும், மாஸ்டர்."

"பக்கத்திலை ஒருத்தரும் இல்லை, டொக்டர்."

அதைச் சொன்னபோதுதான் எனக்குப் பயம் வந்தது. நின்ற மூச்சு ஒருநாள் திரும்பாவிட்டால், வாத்தியார் ஏன் வரவில்லை என்று பள்ளிக்கூடத்தில் தேடும்வரை ஒருவருக்கும் தெரியாது. வெளிநாட்டில் இதற்கு ஒரு மெஷின் இருக்கிறதாம், கரண்ட் வேண்டுமாம். மின்நிலையம் உள்ள ஊரில் இருந்துகொண்டு நான் விளக்கெரிக்க மண்ணெண்ணெய்க்கு அலைந்துகொண்டிருந்தேன். பக்கவாட்டில் சரிந்து படுக்கச் சொன்னார் வைத்தியர். பெனியனின் முதுகில் ஒரு பை தைத்து, மல்லாந்தால் குத்தட்டும் என்று உதிர்ந்த தென்னம்பிஞ்சுக் குரும்பட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டேன்.

வெட்கத்தை விட்டு அவளுக்கு எழுதிக் கேட்டேன். பதில் வர நாலு மாதம் சென்றது.

"ஓம், நிக்கிறதுதான். நான் இருபது எண்ணுவன். அதுக்குள்ளை வராட்டித் தோளிலை தட்டித் திருப்பிவிடுவன். ஒவ்வொரு இரவும் அப்பிடித்தான். மல்லாக்கப் படுக்காதேங்கோ."

வைத்தியருக்கு அதை வாசித்துக் காட்டினேன். கீழே இன்னொரு வரி இருந்தது. அதை வாசிக்காமலே கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

"இஞ்சை வந்த பிறகு நான் பகலிலை தூங்கி விழுறேல்லை."