முட்லூரில் திரும்பிய வண்டி

என் பெரிய அத்தைக்கு எழுபத்தைந்து வயது நிறைந்தபோது, சிதம்பரத்தில் அவரிடம் படித்தவர்கள் ஒரு மண்டபம் பிடித்துப் பாராட்டு விழா வைத்தார்கள். அத்தை அப்பாவுக்கு மூத்த அக்கா. கடலூரில் எங்களோடுதான் இருந்தார். ஊருக்கு அவர் டீச்சர், வீட்டுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். தாயில்லாத தம்பி தங்கைகளை வளர்த்து, படிக்கவைத்து, ஒவ்வொருவருக்கும் கல்யாணம் செய்துவைத்தவர் அவர். அந்தப் பரபரப்பில் தன் கல்யாணத்தை மட்டும் விட்டுவிட்டார். தம்பிகளில் கடைசி, என் அப்பா. அப்பாவைப் பெற்ற சில நாட்களிலேயே பாட்டி இறந்துபோனதாகச் சொல்வார்கள்.

விழாவன்று காலையில் வாடகைக் காரில் கிளம்பினோம். அப்பா முன் சீட்டில் செல்போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. நேரமாகிவிட்டது என்று வீட்டில் காபிகூடக் குடிக்கவில்லை. பின்னால் அம்மா, புதுப்புடவையில் அத்தை, நடுவில் நான். எனக்கு அப்போது பத்து வயது. மேடையில் அத்தைக்குப் பூங்கொத்து கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. அதனால் விழாவே எனக்காக நடப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

முட்லூர் வந்ததும் அத்தை டிரைவரிடம், "இடதுபக்கம் திருப்புப்பா, பரங்கிப்பேட்டை போவணும்" என்றார்.

அப்பா திரும்பிப் பார்த்தார். "என்னாக்கா இது? அங்க மாலைய வெச்சினு நிக்கறாங்களாம்."

"நிக்கட்டும். நான் போவாம யாருக்குடா போடுவாங்க?"

"இப்ப அங்க யாரு இருக்காங்க?"

"அக்கா வந்துட்டாங்கடா. மலேசியாவுலேர்ந்து. உடம்பு முடியலியாம். நேத்துதான் சேதி வந்துது."

அப்பா செல்போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்குத்தான் குழப்பம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அக்கா அத்தைதான். அந்த அக்காவுக்கு ஓர் அக்கா இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீடு. கூடத்துக் கட்டிலில் வயதான அம்மா ஒருவர் தலையில் முக்காடிட்டுச் சாய்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை. காலடிச் சத்தம் கேட்டு, "யாரு, டீச்சரா?" என்றார்.

"நான்தான்க்கா. தம்பிய இட்டாந்திருக்கேன்."

சொல்லிக்கொண்டே அத்தை குனிந்து அவர் காலைத் தொட்டார். ஊரில் பெரிய பெரிய ஆட்கள் அத்தை காலில் விழுந்துதான் நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா பதறிக் காலை இழுத்துக்கொண்டார். "என்னா டீச்சரு, நீ போயி..." நாற்காலி போட்டார்கள். அத்தை அதை ஒதுக்கிவிட்டு, புதுப்புடவை கசங்கத் தரையில் உட்கார்ந்தார்.

அப்பா கட்டிலருகே மண்டியிட்டார். அந்த அம்மா இரண்டு கைகளாலும் அவர் முகத்தைத் தடவினார். கை மேலே போய் வழுக்கையில் நின்றது.

"முடியெல்லாம் எங்கடா போச்சு? கைக்குள்ள அடங்குற மாதிரி இருந்த. நீ கத்துற கத்துல தெருவே முழிச்சினு இருக்கும்."

அத்தை சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"சாப்ட்டியா?"

"இல்லம்மா."

அப்பா வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அவருக்கு அம்மா என்று கூப்பிட யாரும் இருந்ததில்லையே.

உள்ளேயிருந்து இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வந்தன. நேரமில்லை என்று காபியை வேண்டாமென்ற அப்பா, தலை குனிந்தபடி மறுபடி மறுபடி போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அந்த அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து, "எம்பேத்தி" என்று நெற்றியில் முத்தமிட்டார். வயதானவர்கள் எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பூங்கொத்து வாடிவிடுமே என்பதுதான் என் கவலை.

இதற்குள் என் அம்மாவின் செல்போன் அடிக்கத் தொடங்கியது. அம்மா வாசலுக்குப் போய், "கேட்டு போட்டுட்டாங்க, ரயிலு இன்னும் போவல" என்றார். மறுபடி அடித்தது. "இப்ப எதிர்ப்பக்கத்து ரயிலாம்" என்றார். பொய்யே பேசாத அம்மா அன்று எத்தனை ரயில் விட்டார் என்று கணக்கே இல்லை.

ஒருவழியாக மண்டபம் போய்ச் சேர்ந்தோம். பேசியவர்கள் எல்லோரும் அத்தையை ஒரு குடும்பத்துக்கே தாயானவர் என்றார்கள். கடைசியில் அத்தை மைக்கைப் பிடித்தார்.

"நான் வளத்தேன், நான் வளத்தேன்னு சொல்றீங்க. பாடம் சொல்லிக்குடுத்தேன், அவ்ளோதான். பசியாத்துனவங்க வேற ஒருத்தங்க. அவுங்களப் பாத்துட்டு வந்ததாலதான் லேட்டு. மன்னிச்சிக்குங்க."

ஜனங்கள் கைதட்டினார்கள். காலையில் சாப்பிட்ட இடியாப்பத்தைத்தான் சொல்கிறார் என்று நானும் தட்டினேன். அம்மாவின் ரயில்களெல்லாம் ஒரே நொடியில் தடம்புரண்டதில் அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தேன்.

இரண்டு வருடம் கழித்து அத்தை இறந்தபோது, பரங்கிப்பேட்டையிலிருந்து அந்த அம்மாவின் மகன் வந்தார். அப்பா வயதுதான் இருக்கும். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நடுவே, செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டு ஆள்போல அப்பாவை ஒட்டியே நாள் முழுக்க நின்றார். ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன்.

பாட்டி இறந்தபோது அத்தை பரங்கிப்பேட்டைப் பள்ளியில் புதிதாய்ச் சேர்ந்த டீச்சர். பசும்பாலும் ஒத்துக்கொள்ளாமல் குழந்தை வதங்கிப்போகவே, எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். அங்கே அந்த அம்மா தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்காமல் இரண்டு கைகளையும் நீட்டினாராம். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இரண்டு பிள்ளைகளும் ஒரே மடியில்.

"அவுங்க வழக்கத்துல ஒரே தாய்ப்பால் குடிச்சா கூடப்பொறந்த மாதிரிடி" என்றார் அம்மா.

தாயைப் போலத் தன்னை வளர்த்த அக்காவின் பேச்சுக்கு அப்பா அன்று வண்டியைத் திருப்பினார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மண்டபம் நிறைய மாலைகளைக் காக்கவைத்துவிட்டு, அந்த அக்கா தன் தம்பியை அவன் தாயிடம் கூட்டிப்போனார் என்பது, கையில் பூங்கொத்தோடு நடுவில் நின்ற எனக்குத் தெரியவில்லை.