கெப்பாசிட்டர் தாங்குமா?

அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை போட்டோமா இல்லையா என்பதே மறந்துபோகும். அதனால் நானே ஒரு பெட்டி செய்து கொடுத்திருந்தேன். மூடியைத் திறந்தால் அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு முகப்புத் திரையில் காட்டும். கரண்ட் இல்லாவிட்டால் முகப்பு அணைந்துவிடும். உள்ளேயுள்ள கடிகாரத்தை மட்டும், கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு சின்ன கெப்பாசிட்டர் ஓட்டும். அதுவும் காலியானால் குறித்ததெல்லாம் அழிந்துவிடும். எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்காரிக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று அப்போது பெருமை வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலிருந்து, அம்மா பாயான் பாருவிலுள்ள என் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். வந்ததும் வியர்த்துக் கொட்டி, வாய் குழறிச் சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. மாத்திரையை ஒரு தடவை போட்டாரா, இரண்டு தடவையா, எப்போது என்று டாக்டர் கேட்டார். எனக்கென்ன தெரியும்? பெட்டிக்குத்தான் தெரியும்.

வெளியே போயிருந்த அண்ணன், நான் கூப்பிட்டதும் பெட்டியை எடுக்க வீட்டுக்கு ஓடினார். அங்கிருந்து போன் செய்தார்.

"சுவிட்ச் எல்லாம் அடைச்சிருக்கு. அம்மா காலையிலயே அடைச்சிட்டுத்தான் கிளம்பியிருக்காங்க."

வெளியே கிளம்பினால் ஐஸ்பெட்டியைத் தவிர ஒரு சுவிட்சையும் அணைக்காமல் விட்டுவைக்க மாட்டார். தெரிந்த விஷயம்தான்.

வார்டுக்கு வெளியே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கெப்பாசிட்டரில் இருப்பது எவ்வளவு, கடிகாரம் குடிப்பது எவ்வளவு? வகுத்தால் ஒரு வாரம் தாங்க வேண்டும். ஆனால் அது ஏர்கான் அறையில் இருக்கும் புதுச் சரக்குக்கு. இதுவோ தகரக் கூரைக்கடியில் வருடக்கணக்காக வெந்தது. தானாகக் கசிந்து போவது எவ்வளவோ, யார் கண்டது? பாதி என்று வைத்தேன், பிறகு அதிலும் பாதி. எப்படிப் போட்டாலும் தாங்கும் என்றே வந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாலத்தில் ஜாம் என்று அண்ணன் செய்தி அனுப்பினார். மறுபடியும் வகுத்துப் பார்த்தேன்.

பெட்டி வந்ததும் தாதி காட்டிய இடத்தில் செருகினேன். வெறும் பூஜ்யங்கள். தெரியவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். குளுக்கோஸ் ஏறட்டும், நாளைவரை பார்க்கலாம் என்றார்.

கொஞ்ச நேரத்தில் அம்மா கண் திறந்தார்.

"பெட்டி என்ன காட்டுது?"

"ஒண்ணும் காட்டலம்மா."

"காலையிலயும் சுவிட்ச் அடைச்சதும் இப்படித்தான் ஒண்ணும் காட்டல. அதான் போடலன்னு நெனச்சு ஒண்ணு போட்டுட்டு வந்தேன்," என்றார் அம்மா. "இன்னும் போடல போல லா. மாத்திரைய எடு."

மூடியைத் திறக்கக் கையை நீட்டினார்.