பிள்ளை வரட்டும், ஊத்துவம்

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அந்தத் தோசைக் கடைக்குள் நுழைந்தால், அப்போதெல்லாம் முதலில் மேசைக்கு வருவது தண்ணீர் நிறைந்த சில்வர் பேணி. அதை வைத்துவிட்டுக் கடைக்கார அண்ணை சமையலறைக்குள் போய்விடுவார். பிறகு அவரை எப்போது காண்போம் என்று யாருக்கும் தெரியாது. தோசை ஊற்றுவதும் அவர்தான், கொண்டுவந்து வைப்பதும் அவர்தான். மேசைக்குரிய எல்லோரும் வந்து இருந்த பிறகே அவருடைய கல்லில் மாவு விழும். ஆறின தோசையை மனிசருக்கு முன்னால் வைக்கக்கூடாதாம். சனிக்கிழமைகளில் சாமான் வாங்க வந்த சனம் பொறுமையிழந்துவிடும்.

“அண்ணை, தோசை என்ன கொழும்பிலயிருந்தோ வருது?”

“ஓம் தம்பி, விசாவுக்குக் குடுத்திருக்கு. கிடைச்சதும் வந்திடும்.”

கடையே சிரிக்கும். கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களும் அடுத்த கிழமை அதே மேசையில் இருப்பார்கள். இப்போது அண்ணை லண்டனில் மகனோடு இருக்கிறார். கடையில் திரையைத் தொட்டுச் சொன்னால், குளிரங்கியைக் கழற்றுவதற்குள் தட்டு வந்துவிடுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அங்கே போகும்போதெல்லாம் போன குளிர்காலத்து மத்தியானம் ஒன்று எனக்கு நினைவுக்கு வருகிறது.

என் மகள் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு, லீல் நகரத்தில் பாண் ரொட்டி சுடும் ஒரு வெதுப்பகத்தில் வேலை பழகப் போயிருந்தாள். “படிப்பை விட்டவள் இந்த வீட்டுக்கு வரத் தேவையில்லை” என்று தகப்பன் கத்தினார். அவளும் வரவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. அந்த மாதங்களில் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தாலே கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவேன். இன்றைக்கும் அந்தப் பழக்கம் முழுதாக நிற்கவில்லை. அப்படியிருக்க ஒருநாள் அவளிடமிருந்து செய்தி வந்தது. கொஞ்ச நேரத்தில் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்குகிறாளாம், அடுத்த ரயிலுக்கு ஒரு மணித்தியாலம் இருக்குமாம், பசிக்கிறதாம்.

நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் தோசைக் கடைக்கு வரச் சொல்லிவிட்டு, புறநகர் செவ்ரானில் இருக்கும் வீட்டிலிருந்து ஓடிவந்தேன். அந்த ஒரு மணித்தியாலத்தில் பிள்ளையின் வயிறாவது நிறையட்டும் என்று, அவள் வருமுன்னரே இரண்டு தோசை சொன்னேன்.

“ஆள் எங்கை, தங்கச்சி?”

“வந்துகொண்டிருக்கிறாள், அண்ணை. ரயிலுக்கு அவசரம். நீங்கள் ஊத்துங்கோ.”

“பிள்ளை வரட்டும், ஊத்துவம்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மகள் வந்து எதிரே இருந்தாள். மெலிந்திருந்தாள். கைபேசியை மேசையில் வைத்து நேரத்தைப் பார்த்தாள். தட்டு வந்திருந்தால் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பாள். தட்டு வரவில்லை. பார்ப்பதற்கு என் முகமும் அவள் முகமும்தான் இருந்தன.

அவள் மணிக்கட்டில் ஒரு நீளத் தழும்பு. பிடித்துப் பார்த்தேன். பாண் வேகும் போறணையின் தட்டுச் சுட்டது என்று பிரெஞ்சில் சொன்னாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு விடியமுன் மா பிசைவதையும், முதல் மாதம் அறையில் தனியே அழுததையும், தன் கையால் செய்த பாண் விற்றுத் தீர்ந்த நாளையும் சொல்லிக்கொண்டே போனாள். புத்தி சொல்ல எனக்கு வாய் துடித்தது. கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா மருந்தை ஒழுங்காக எடுக்கிறாரா என்றாள்.

“எடுக்கிறார். உன்ரை அறை ஹீட்டரை ஒவ்வொரு பின்னேரமும் போட்டுவிடுறார்.”

“நான் அங்கை இல்லையே!”

“அதை அவரைத்தான் கேக்கோணும்.”

அவள் சிரிக்கத் தொடங்கினாள், பிறகு கண்ணைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்து அண்ணை இரண்டு தட்டுகளோடு வந்தார். ரயில் புறப்படச் சில நிமிடங்களே இருந்தன. இது அவர் எங்களுக்காகச் செய்த உபகாரம் என்று நான் சொல்லமாட்டேன். எல்லா மேசைக்கும் அவர் அப்படித்தான்.

“ரயிலுக்கு நேரம் சுணங்கிப்போட்டுது போல. கட்டித் தரட்டோ, பிள்ளை?”

மகள் கைபேசியைப் பார்த்தாள்.

“வேண்டாம் அங்கிள், இருந்து சாப்பிடுறன்” என்றாள், தமிழில். “அப்பாவுக்கு ரெண்டு கட்டித் தாங்கோ. நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்.”

அண்ணை சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“அது கொஞ்சம் சுணங்குமே.”

“சுணங்கட்டும், அண்ணை” என்றேன் நான்.